கண்டாக்கையாவின் நூற்று முப்பது

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு சொல் அந்தப் பக்கம் சாய்ந்தால் பொன்னையா கண்டாக்கு மடையராகிவிடுவார். இந்தப் பக்கம் சாய்ந்தால் அவர் மனைவி நாகலெட்சுமி புருஷனைக் கொல்லப் பார்த்தவளாகிவிடுவாள். இரண்டும் உண்மையில்லை. ஓரளவுக்கு உண்மை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். பிசகு இருந்தால், கதையில் வருகிற மெசின் தலையில் போட்டுவிடுங்கள்.

சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருடம் அது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பொன்னையா கண்டாக்கு. மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களை வேலை வாங்குகிற உத்தியோகம். முப்பத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த வேதம் ஒன்றே ஒன்றுதான். நோர்ம். ஒரு நாளைக்கு ஒருத்தி இத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று குறித்துவைப்பது நோர்ம். குறைந்தால் அரைப்பேர், பாதி நாள்தான் விழும். கூட எடுத்தால் கெட்டிக்காரி. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் சாதி இரண்டுதான். நோர்ம் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள்.

ஐம்பத்தேழாவது வயதில் ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ராக்கா" என்றார். மீதி வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். ராக்காயி, தன்னைத் திட்டுவதற்குத்தான் ஐயா மூச்சை இழுக்கிறார் என்று நினைத்து, திட்டு வரட்டும் என்று தலையைக் குனிந்து நின்றாளாம். பிறகுதான் லொறியைக் கூப்பிட்டார்கள். அட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கண்டிக்குப் போய், பதினெட்டு நாள் கழித்து ஒரு பை மாத்திரையோடு திரும்பி வந்தார்.

டொக்டர் சொன்னது சின்ன விசயம். தினமும் இருபது நிமிசம் மெதுவாக நடக்க வேண்டும். நாடித்துடிப்பு நிமிசத்துக்கு நூற்றைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த முறை லொறி தேவைப்படாது.

நாகலெட்சுமிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. புருஷன் உயிர் ஒரு பக்கம். வீடு மறுபக்கம். அவர்கள் இருந்தது தோட்டத்து வீடு. வேலையில் இருக்கும்போதே ஆள் போய்விட்டால் ஒரு மாதத்தில் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு மீனம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. முப்பத்தோராம் நாள் லொறி வந்தது. மீனம்மாவின் அலுமாரி மழையில் ரோட்டோரமாக நின்றதை நாகலெட்சுமி கண்ணால் பார்த்தவள். இவர்களுக்கு மஸ்கெலியா டவுனுக்கு வெளியே பதினைந்து பேர்ச் காணி உண்டு. நாலு சுவர் எழும்பி நிற்கிறது. கூரை இல்லை. கூரைக்கு இன்னும் மூன்று வருடச் சம்பளம் வேண்டும். ஆக, பொன்னையா மூன்று வருடம் உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகும் இருக்கட்டும் என்றுதான் அவள் கும்பிட்டாள். ஆனால் முதலில் மூன்று.

நடக்கச் சொன்னார்களே, எங்கே நடப்பது. எங்கள் ஊரில் மேடு உண்டு, பள்ளம் உண்டு, சமதரை கிடையாது. அந்த நேரம் பார்த்து, தோட்டத்தை நடத்துகிற துரைக்கு மாற்றலாயிற்று. பங்களாவில் அவர் வைத்திருந்த உடற்பயிற்சி மெசின் ஒன்றை, கண்டாக்கையா உபயோகிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். நின்ற இடத்திலேயே நடக்கிற மெசின். இரண்டு பலகையில் காலை வைத்து மாறி மாறி மிதிக்க வேண்டும். கம்பு கொடுத்து நாலு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். வாசலில் நின்ற நாகலெட்சுமி சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். நாலு பேர் தோளில் ஏறி வீட்டுக்குள்ளே வருகிற பொருளை அவள் அதுவரை பார்த்ததில்லை. வெளியே போவதைத்தான் பார்த்திருக்கிறாள்.

மெசினுக்குப் புத்தகம் இங்கிலீசில் இருந்தது. அடுத்த வீட்டு நிரூபா டீச்சர் யாழ்ப்பாணம். அவர்தான் வந்து வாசித்துச் சொன்னார். நெஞ்சில் ஒரு பட்டை கட்ட வேண்டும். பட்டையின் நடுவில் உள்ள கறுப்பு வில்லையைக் கொஞ்சம் நனைத்துக்கொள்ள வேண்டும். துடிப்பு காற்றிலேயே மெசினுக்குப் போகும். நூற்றைந்து என்று அமத்திவிட்டால், துடிப்பு குறையும்போது மெசின் மிதியை இறுக்கும், கூடும்போது இளக்கிவிடும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

பொன்னையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அப்ப நூத்தியஞ்சுதான் நோர்ம்."

"நோர்ம் இல்லை அண்ணை. அது எல்லை. அதுக்கு மேல போகக் கூடாது."

"வெளங்குது டீச்சர். நோர்ம்."

மறுநாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மெசினில் ஏறினார். மெசினின் முகப்பில் சிவப்பு எழுத்தில் நூற்றைந்து வந்தது. அதோடு நிற்க அவர் என்ன அரைப்பேர்க்காரியா. வேகத்தைக் கூட்டினார். மெசின் இளகியது. அது தனக்குப் பயந்து வழிவிடுகிறது என்று நினைத்து இன்னும் கூட்டினார். நூற்று இருபது. முப்பது. முப்பத்தெட்டில் உதடு நீலமாயிற்று. நாகலெட்சுமி இழுத்து உட்காரவைத்து நாக்குக்குக் கீழே மாத்திரையை வைத்தாள். மாத்திரை கரைவதற்கு முன்னே அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை போட்டிருந்தது என்பதுதான். அவள் யோசிக்காமல் முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு நாப்பது."

"ஏங்க, டொக்டர் தாண்டக் கூடாதுன்னு சொன்னாருங்களே."

"அவருக்கு என்னா தெரியும் மல வேல. நோர்முக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு எந்தத் துரையாவது சொல்லியிருக்கானா?"

எந்தத் துரையும் சொன்னதில்லைதான். அழுது பார்த்தாள். கும்பிட்டுப் பார்த்தாள். மெசின் வயரைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். அவர் கண்டுபிடித்தார். களவுக் கொழுந்தைச் சாக்குக்கு அடியில் கண்டுபிடித்து உத்தியோகம் உயர்ந்தவர், அரிசிப் பானை எம்மாத்திரம்.

கடைசியில் டீச்சரிடம் போனாள். மெசினுக்கு ஆளைத் தெரியுமா என்று கேட்டாள்.

"மெசினுக்கு முகம் தெரியாது அக்கா. பட்டையை ஆர் கட்டினாலும் அவற்ற நெஞ்சைத்தான் கேக்கும். ரெண்டு முழத் தூரத்துக்குள்ள இருந்தாச் சரி."

அன்று பகலே நாகலெட்சுமி ஊசியும் நூலும் எடுத்தாள். அதே அகலத்தில் இலாஸ்டிக் வாங்கி இன்னொரு பட்டை தைத்தாள். வில்லைக்கு, தேய்ந்த ரப்பர் செருப்பின் குதியை வெட்டி எடுத்துக் கறுப்புத் துணியில் பொதிந்தாள். நெஞ்சை உராய்கிறது என்று அவர் முனகிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று. மெத்தென்று உறை போட்டிருக்கிறேன் என்று சொல்லி அவருக்குக் கட்டிவிட்டாள். அசல் பட்டை அவள் சட்டைக்குள்ளே போயிற்று. அவர் நெஞ்சில் செருப்பு. அவள் நெஞ்சில் மெசினின் காது.

சுளகில் அரிசியைப் போட்டுக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். பொன்னையா ஏறி மிதித்தார். ஏறின உடனேயே நூற்றுப் பதினெட்டு. அது அவளுடைய சாதாரண நாள் துடிப்பு. மெசின் பயந்து அடியோடு இளகிவிட்டது. பொன்னையா கோயிலைச் சுற்றுவது போல மெதுவாக நடந்தார். ஒரு நாள் நாற்பதைவிடத் தினமும் முப்பது மேல் என்று கணக்குப் பார்த்து, நூற்று முப்பதைத் தொட்டால் இறங்கிவிடுவது என்று அவர் தனக்கு ஒரு நோர்ம் போட்டுக்கொண்டார். ஆக, அவள் எவ்வளவு சீக்கிரம் முப்பதைத் தொடுகிறாளோ அவ்வளவு சீக்கிரம் அவர் தப்புவார்.

உட்கார்ந்துகொண்டே நூற்று முப்பது எடுப்பது சும்மா இல்லை. அதற்கும் தொழில் தெரிய வேண்டும். முதலில் மீனம்மாவின் அலுமாரியை நினைப்பாள். நூற்று இருபது. கொழும்பில் போர்டிங்கில் இருக்கும் மகள் தனுஷிகா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதை நினைப்பாள். இருபத்தைந்து. அதற்கும் நகராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பொன்னையாவின் சாவு வீட்டை நினைப்பாள். தப்பு மேளச் சத்தம், கூடத்தில் வெள்ளைத் துணி, மழை, வழுக்குகிற பாதை, கால் இடறுகிற நாலு பேர். நூற்று முப்பத்திரண்டு. "எடுத்தாச்சு" என்று பொன்னையா இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்பார். தினமும் மாலை ஐந்தரைக்கு அவரைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, ஐந்தே முக்காலுக்குச் சீனி போடாத தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. அட்டனில் டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு பிரசர் இறங்கியிருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது என்றார். பொன்னையா பெருமையாகத் தன் நூற்று முப்பதைச் சொன்னார். டொக்டர் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். பிறகு நாகலெட்சுமியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

தினமும் போகிற வழியில் பயம் எவ்வளவு நாளைக்கு இருக்கும். பொன்னையாவின் சாவு வீடு அவளுக்குப் பழகிப் போயிற்று. அழுகிறவர்கள் அழுதார்கள். அவள் பாட்டுக்கு எட்டாம் நாளுக்கு எத்தனை கொத்து அரிசி போடுவது என்று யோசித்தாள். நூற்றுப் பத்துக்கு மேல் ஏறவில்லை. முதுகில் வேர்க்க வேர்க்கப் புதுப் புதுப் பயமாகத் தேடினாள்.

தை மாதத்தில் ஒரு மாலை, சாவு வீட்டைத் தாண்டி மனம் கொஞ்சம் தூரம் போய்விட்டது. டவுனுக்கு வெளியே அந்த வீடு. மேலே தகரக் கூரை. மழை அதில் விழுகிறது, உள்ளே ஒழுகவில்லை. அடுப்பில் அவளுக்கு மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீர். யாரும் நோர்ம் கேட்கவில்லை. யாரும் மாத்திரை எங்கே என்று கத்தவில்லை. ஏழு மணி வரைக்கும் தூங்கலாம். கை சுளகிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

மெசின் கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தாள். எழுபத்தாறு.

நூற்றைந்துக்குக் கொண்டுவர மெசின் தன்னால் ஆன மட்டும் மிதியை இறுக்கிக்கொண்டிருந்தது. பொன்னையா செங்குத்து மலையில் ஏறுகிறவர் மாதிரி முழு உடம்பாலும் அழுத்தினார். முகம் கருத்துவிட்டது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது.

"ஏறுதில்ல... ஏண்டி ஏறுதில்ல..."

அந்த எழுபத்தாறு எது என்று அவளுக்கு விளங்கியது. விளங்கிய கணத்தில் அவள் நெஞ்சு எகிறிய எகிறலில் எண் நூற்று நாற்பதைத் தொட்டது. மிதி இளகியது. பொன்னையா இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாப்பது. பாத்தியா. மனுசன் நெனச்சா முடியும்."

ஒருத்தி நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாத வரைக்கும்தான் குடும்பம் நடக்கும். இங்கே அது சிவப்பு எழுத்தில் எரிகிறது. அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு நாள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அவள் இன்னும் இரண்டு நிமிசம் நின்றுவிட்டால் என்ன ஆகும். தன் நெஞ்சை நம்பி இந்த மனுசனை விடக் கூடாது என்று முடிவு செய்தாள். பட்டையில் பெட்டரி செத்துப்போய்விட்டது என்று சொன்னாள். அவர் மறுநாளே அட்டனுக்குப் போய்ப் புது பெட்டரி இரண்டு வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

அந்தக் கிழமை மழையில் தொழிலாளர்களின் லயத்துப் பக்கமிருந்து ஒரு நாய் வந்து சமைக்கிற குசினிக் கதவோரம் ஒண்டியது. பழுப்பு நிறம், முக்கால் வளர்த்தி. இடி இடித்தால் நடுங்கும். விளக்குமாற்றைக் கண்டால் நடுங்கும். பொன்னையா தொண்டையைச் செருமினால் மேசைக்கடியில் போய்ப் படுக்கும். சோறு வைக்கப் போனவள் அதன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். தையல் மெசின் ஓடுகிற மாதிரி ஓடியது. சீனி என்று பெயர் வைத்தாள்.

கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற பழைய படங்குச் சாக்கில் சீனிக்கு ஒரு கோட்டுத் தைத்தாள். நெஞ்சு மயிரைக் கொஞ்சம் கத்தரித்து, நனைத்து, அசல் பட்டையை உள்ளே கட்டினாள். முக்காலியின் காலில் நாயைக் கட்டிவிட்டு, தான் சுளகோடு குசினிக்குப் போய்விட்டாள். குசினி மெசினிலிருந்து பத்து முழம். அங்கிருந்து அவள் என்ன நினைத்தாலும் ஒரு உயிருக்கும் கேட்காது.

பொன்னையா வந்தார். நாய்க்கு என்னாடி கோட்டு, உனக்கு மூள கலங்கிப் போச்சா என்று ஒரு சத்தம் போட்டார். சீனியின் நாலு காலும் உதறின. மெசினில் ஏறி அவர் ஒரு மிதி மிதிப்பதற்குள் நூற்று முப்பத்தேழு.

அசந்துபோய் நின்றார். நெஞ்சில் கட்டியிருந்த செருப்பைத் தட்டிக்கொடுத்தார்.

"ஏய் லெச்சுமி, வந்து பாரு. இது கெழவன் நெஞ்சு இல்லடி. எளவட்ட நெஞ்சு."

"ஆமாங்க" என்றாள் நாகலெட்சுமி குசினியிலிருந்து. அவள் பொய் சொல்லவில்லை. சீனிக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை.