ஒடியாத வலது கால்

"கால் ஒடிஞ்சிட்டுதுன்னு எழுதுண்ணா. வலது கால்" என்றான் குமரகுரு.

பிள்ளையார்பாளையம் எஸ்.டி.டி. பூத் கண்ணாயிரம், ஃபேக்ஸ் எழுதுவதை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"நல்லா நின்னுக்கினுதானேப்பா இருக்கே?"

"துபாய்க்குத் தெரியவா போவுது?"

குமரகுரு அங்கே ஏ.சி. மெக்கானிக். விசா கம்பெனியின் பேரில். அவர்கள் விசாவைக் கேன்சல் செய்யாமல், அல்லது ரிலீஸ் லெட்டர் கொடுக்காமல், வேறு இடம் போக முடியாது. தறியில் ஏற்றின பாவு நெய்து முடியாமல் தறிக்குழியை விட்டு எழுந்திருக்க முடியாத மாதிரி. பக்கத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அது கிடைத்தால் பெண்டாட்டியையும் கூட்டிப் போகலாம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவளோடு இருந்தது மொத்தம் எட்டு மாதம். லீவில் கிளம்பும்போது மேனேஜரிடம் கெஞ்சினான். "பார்க்கலாம்" என்றதோடு சரி. ஏணி ஏற முடியாத மெக்கானிக்கை எவன் கட்டிவைத்துக்கொள்வான்?

மூன்றாம் நாள் ஃபேக்ஸ் வந்தது. "கவலைப்படாதே. விசாவைக் கேன்சல் செய்ய மாட்டோம். உட்கார்ந்து செய்கிற ஸ்டோர் வேலை தருகிறோம்."

"அடப்பாவி, இவ்ளோ நல்லவனா!" குமரகுரு தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணும் போச்சுன்னு எழுதுண்ணா."

"கம்பெனி டாக்டர் பார்ப்பார், வா" என்று பதில் வந்தது.

லீவு முடிய ஐந்தே நாள். மனைவி ஏலவார்குழலியை பூத்துக்கு இழுத்து வந்தான்.

"நான் செத்துட்டேன்னு ஒரு கையெழுத்து போடு. செத்தவன் விசாவை கேன்சல் பண்ணித்தானே ஆவணும்."

"வாயைக் கழுவுங்க! இன்னா பேச்சு இது?"

"அப்புறம் அங்க போய் எப்படிப்பா நிப்பே?" என்றார் கண்ணாயிரம்.

"ஊரு பெருசுண்ணா. எவன் பாக்கப் போறான்?"

அவள் வீட்டுக்கு ஓடினாள். தாலிக்கு மஞ்சள் பூசி, கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்து, காகிதத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே பதில். கண்ணாயிரம் படித்துச் சொன்னார்: "ரொம்ப வருத்தமாம். விசாவை கேன்சல் பண்ணிட்டாங்களாம்."

"ஏகாம்பரநாதா!" குமரகுரு குதித்தான்.

"இருப்பா, இன்னும் இருக்குது. பக்கத்துக் கம்பெனில உன்னைப் பத்தி விசாரிச்சாங்களாம். நீ செத்துட்டேன்னு மேனேஜரே சொல்லிட்டாராம். அவங்க வேற ஆளை எடுத்துட்டாங்களாம்."

குமரகுரு ஸ்டூலில் உட்கார்ந்தான். ஏலவார்குழலி இப்போதுதான் நிஜமாக அழ ஆரம்பித்தாள்.

கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு எழுதிக்கிறாரு. நீ கிளம்புன மறுநாளே ரிலீஸ் லெட்டர்ல கையெழுத்து போட்டுட்டாராம்பா. கால் ஒடிஞ்சவனை வேற எவன் சேத்துப்பான்னு பரிதாபப்பட்டு, அனுப்பாம வெச்சிருந்தாராம்."