கத்தியரின் ஒன்பதாம் வானம்

டென்மார்க் முழுவதிலும் சந்தோஷத்துக்குத் தரச்சான்றிதழ் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் கத்தியர்தான். மகாராணிக்குக்கூட அந்த அதிகாரம் இருந்ததாகத் தெரியவில்லை.

எஸ்பியர்க் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த மீன் தொழிற்சாலையில் கத்தி தீட்டுவது அவருடைய உத்தியோகம். நாடு லித்துவேனியா. சோவியத் கப்பலொன்றிலிருந்து சிகரெட் வாங்க இறங்கியவர், திரும்ப ஏற மறந்துவிட்டார் என்பது அவரே சொல்லும் சரித்திரம். பெற்றோர் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, ஆகவே கத்தியர். ஆறரை அடி உயரம். அந்த முகத்தில் சிரிப்பை இரண்டு தரம் கண்டிருக்கிறேன். அதில் ஒன்று பல்வலி.

தீட்டிய கத்தியைப் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போகும். பிடித்தால் "சரி" என்பார். அங்கே வேலை செய்த தமிழர் நாங்கள் நாள் முழுக்கச் சொல்வதைக் கேட்டுப் பொறுக்கிய தமிழ்ச்சொல் அது. அந்தச் "சரி" கிடைக்காத கத்தியை முதலாளியே கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்களோடு மீன் வெட்டும் டேனிஷ் பெண்ணொருத்தி ஆப்பிள் கேக் கொண்டுவந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி, தான் ஏழாம் வானத்தில் இருப்பதாகச் சொன்னாள். பெருஞ்சந்தோஷம் வந்தால் டேனிஷ்காரர் அப்படித்தான் சொல்வார்கள். கத்தியர் கல்லை நிறுத்திவிட்டார்.

"கேக்குக்கு ஏழோ?" என்று என்னிடம் கேட்டார். அவர் பேசிய உடைந்த டேனிஷை நான் நிமிர்த்தித் தருகிறேன்.

பிறகு பாடம் நடந்தது. அவருடைய மொழியில் பெருஞ்சந்தோஷம் வந்தவன் "தெவின்தமெ தங்குயெ" என்பானாம். ஒன்பதாம் வானத்தில் இருக்கிறேன் என்று பொருள். டேனிஷ்காரருக்கு மேலே இன்னும் இரண்டு மாடி. எல்லோரும் அதைச் சும்மா சொல்லிவிட்டுப் போவார்கள், கத்தியர் மட்டும் படிப்படியாகக் கணக்குப் பார்ப்பவர். பெப்ரவரியில் வெயில் எறித்தால் இரண்டாம் வானம். பூட்ஸுக்குள் தண்ணீர் போகாத நாள் மூன்றாம் வானம். ஆப்பிள் கேக், பெருந்தன்மையோடு, ஒன்றரை.

தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். தலைகால் தெரியாத சந்தோஷம் என்றேன். மனிதர் பதறிவிட்டார். கத்தி பிடிக்கிறவனுக்குத் தலை எது கால் எது என்று தெரியாவிட்டால் விரல் போய்விடும் என்று எச்சரித்தார்.

அவருடைய சொல்லை நான் ஒரே நாளில் பாடமாக்கினேன். எனக்கு அது தேவைப்பட்டது. கலியாணமாகி ஆறு மாதத்தில் இங்கே அகதியாக வந்தவன் நான். மனைவி மதி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். குடும்பங்களை அழைக்க நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம் அது. அமைச்சரே தடுத்துவைத்தார் என்று வெளிவந்து, பின்னாளில் தமிழர் வழக்கு என்று நாடே கதைத்ததே, அந்தக் கிடப்புத்தான். தபால்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இரண்டு வருடம் போயிற்று.

கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது. மீன் செதிலும் பூட்ஸுமாகக் கத்தியரிடம் ஓடி, "தெவின்..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கையைத் துடைத்து, கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மனுசி எங்கை?"

"கொழும்பிலை."

"அப்ப இது ஐஞ்சு."

விமான ரிக்கற் வந்தது. ஆறு. இன்றிரவு விமானம் ஏறுகிறேன் என்று மதி தொலைபேசியில் அழுதாள். அது ஏழு, டேனிஷ்காரருக்கு இது போதும், உனக்குப் போதாது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சந்தோஷத்தையும் கண்டறியாத மனிதர் மற்றவனுடையதை அளக்கலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் கத்தியை இரண்டு தரம் கல்லில் இழுத்தார்.

"ஊரிலை, கிளைப்பேடாவிலை, எனக்கொரு மகள் இருக்கிறாள். விட்டிட்டு வரேக்கை எட்டு வயசு. முகத்தை நேரை காணுமட்டும் ஒன்பது இல்லை. எனக்குத் தெரியும்."

நான் வெட்கப்பட்டுப் போனேன்.

மறுநாள் என்னோடு கோப்பன்ஹேகனுக்கு வர, அவர் கழுத்தில் டையோடு ரயில் நிலையத்தில் நின்றார். ரயிலே கப்பலுக்குள் ஏறிக் கடலைத் தாண்டிய காலம் அது. வழியெல்லாம் என்னிடம் தமிழ்ச்சொற்களைக் கேட்டுக் கேட்டு ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு வந்தார். என் பதற்றத்தில், எதற்கு என்று நான் கேட்கவேயில்லை.

விமான நிலையக் கதவு திறந்தது. மெல்லிய பருத்திச் சேலையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு மதி வந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு வருடம் சேர்த்துவைத்த டேனிஷும் தமிழும் லித்துவேனியமும் என்னை ஒருமிக்கக் கைவிட்டன.

"பிளேனிலை சாப்பிட்டனீரோ?" என்று கேட்டேன்.

கத்தியர் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். கத்தி பார்க்கிற அதே பார்வை. பிறகு மதியின் பக்கம் திரும்பி, துண்டை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வணக்கம் தங்கச்சி. உங்கடை மனுசன் ஒன்பதாம் வானத்திலை நிக்கிறார். நான் பாத்தன். சரி."

மதி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்போதுதான் அழத் தொடங்கினேன். கத்தியர் சிரித்தார். நான் கண்ட இரண்டில் மற்றது அதுதான்.

கொஞ்சக் காலத்தில் அவருடைய நாடு சோவியத்திலிருந்து பிரிந்தது. துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பினோம். இந்தத் தரம் கப்பலில் ஏற மறக்கவில்லை. அங்கே கரையில் மகளைக் கண்டதும், எனக்குத் தெரியும், அந்த மனிதரும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார். குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்து, அந்தப் பிள்ளையிடம் "சரி" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கும். நான் கூடப் போயிருக்க வேண்டும்.