மேஸ்திரி விட்டுப்போன ரசமட்டம்

ஒரு காட்டில் ராஜா உண்டு, மந்திரி உண்டு, மலை உச்சியில் ஒரு செல்போன் டவர்கூட உண்டு. ஆனால் கொத்து வேலைக்கு மேஸ்திரி மட்டும் ஒரே ஒருவர்தான். முன்பு இன்னொருவர் இருந்தார், வெள்ளாட்டு மேஸ்திரி. சிங்கராஜாவின் குகையில் ஒழுகலை அடைக்க வந்தவர், நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்த ராஜா ஒருநாள் அவரைச் சாப்பிட்டுவிட்டார். ஒழுகல் அப்படியேதான் இருந்தது. மிச்சமிருந்தது வீரணன் என்கிற கரடி மேஸ்திரி. இவரையும் சாப்பிட்டுவிட்டால் காட்டில் ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லின் மேல் வைக்க ஆளில்லை. அதனால் ராஜாவே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

அந்தக் காட்டின் பாறைச் சரிவில் ஒரு குகை. அதில் அன்னக்காமு என்கிற முள்ளம்பன்றி, தன் வீட்டுக்காரர் சடையனோடும் குட்டிகளோடும் குடியிருந்தாள். நல்ல குகைதான். மழை பெய்தால் மட்டும், குட்டிகள் படுக்கிற மூலையில் மேலேயிருந்து சொட்டும். போன மழைக்குக் கடைக்குட்டிக்கு இருமல் பிடித்து, வெயில் வந்த பிறகுதான் விட்டது. அன்னக்காமுவுக்கு அந்த இருமல் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அடுத்த மழைக்குள் அந்த மூலை காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

சடையன் லேசுப்பட்டவர் இல்லை. இதற்கெல்லாம் மேஸ்திரி எதற்கு என்று சொல்லி, செல்போனில் ஏதோ ஒரு குரங்கு போட்ட வீடியோவைப் பார்த்தார். களிமண்ணைக் குழைத்து, தன் முள்ளில் நாலைப் பிடுங்கிச் சொருகி, ஓட்டையை அடைத்துவிட்டார். ஒருநாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அடுத்து வந்த தூறலில் தண்ணீர் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இரண்டு இடங்களில் சொட்டியது. வீடியோவில் இருந்தது வேறு மாதிரிப் பாறை என்று அவர் விளக்கம் சொன்னார். அன்னக்காமு மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

மேஸ்திரி வந்தார். அண்ணாந்து பார்த்தார். உச்சுக்கொட்டினார். "யாரு தாயி பாத்த வேலை இது?" என்று கேட்டார். சடையன் வாசலுக்கு வெளியே தெரிந்த மரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் மேலேயிருந்து வரவில்லையாம், சுவர் வழியாக வருகிறதாம். சுவரைக் கொத்த வேண்டும். சுவரைக் கொத்துவதென்றால் தரையில் வாட்டம் சரியில்லை, அதையும் கையோடு கையாகப் பெயர்த்துவிடலாம். தரையைப் பெயர்க்கும்போது வாசலையும் கொஞ்சம் அகலப்படுத்தினால் காற்றோட்டமாக இருக்கும். ஒழுகலை மட்டும் பாருங்கள் என்று சொல்லத்தான் அன்னக்காமு வாயைத் திறந்தாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது, அடுப்பங்கரையில் ஒரு ஷெல்ஃப் வைத்தால் நன்றாக இருக்குமே என்பது. அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

இடிப்பதில் வீரணனை அடிக்க ஆளில்லை. சாயங்காலத்துக்குள் பாதிக் குகை கல்லும் மண்ணுமாக வாசலில் குவிந்துவிட்டது. ஒரு முள்ளம்பன்றிக் குடும்பத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாசல் என்று யாரும் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு, தேனில் தோய்த்த பலாச்சுளையைத் தின்றுவிட்டு மேஸ்திரி கிளம்பினார். கிளம்பும்போது தன் ரசமட்டத்தை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். மட்டம் பார்க்கிற குழாய்க் கட்டை அது.

"என் ரசமட்டம் இங்க கெடக்கு தாயி. அதை விட்டுட்டு நான் எங்க போயிருவேன்? ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்றார்.

அந்தக் காட்டின் வழக்கம் அதுதான். மேஸ்திரி ஒரு சாமானை விட்டுப்போனால் திரும்பி வருவார் என்று அர்த்தம். அன்னக்காமு நிம்மதியாகத் தூங்கினாள்.

மேஸ்திரி வரவில்லை. போன் போட்டால், வண்டியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். கரடியிடம் வண்டி ஏது என்று சடையன் கேட்டார். பிறகு போன் போட்டால், எடுக்கவே இல்லை. வானம் மேற்கே கறுக்க ஆரம்பித்தது. இடித்துப்போட்ட குகையில் குட்டிகளுக்கு ஒதுங்க முன்பிருந்த மூலையும் இப்போது இல்லை. அன்னக்காமுவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஒருநாள் காலையில் மேஸ்திரிக்குத் தெரியாமல் அவர் பின்னாலேயே போனாள்.

அவள் நினைத்தது போல மேஸ்திரி சோம்பேறி இல்லை. விடிந்ததும் மான் வீட்டுக்குப் போனார். அங்கே கொத்துக் கரண்டி இருந்தது, அவர் விட்டுப்போனது. பூசலாம் என்று பார்த்தால் சாந்துச் சட்டி இல்லை. அது முயல் வீட்டில் இருந்தது. முயல் வீட்டுக்கு நடந்தார். முயல் சட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, முதலில் எங்கள் வேலையை முடியுங்கள் என்றது. சரி, இங்கேயே முடித்துவிடலாம் என்றால் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு வேண்டும். அது மயில் வீட்டில். மயில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்றது. எல்லா வீட்டிலும் மேஸ்திரிக்கு ஏதாவது தின்னக் கொடுத்தார்கள். இப்படி நடந்து நடந்து, தின்று தின்று, அவருக்குப் பொழுது போய்விட்டது. காடு முழுக்கப் பாதி வேலை கிடந்தது. எல்லார் வீட்டிலும் ஒரு சாமான் இருந்தது, யார் வீட்டிலும் வேலை நடக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் நரி மந்திரியின் வீட்டைக் கடந்தாள். வாசலில் எப்போதும் போல மணல் குவியல், சுற்றிலும் மூங்கில் சாரம். நினைவு தெரிந்த நாளாக அந்தச் சாரம் நிற்கிறது. ராஜ்யத்தையே நிர்வாகம் செய்கிறவருக்குத் தன் வீட்டுப் பூச்சு வேலையை முடிக்க வக்கில்லையே என்று காடே சிரிக்கும். அன்னக்காமுவும் சிரித்துக்கொண்டே கடந்துபோனாள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. யோசித்துக்கொண்டே நடந்த அன்னக்காமு சட்டென்று நின்றாள். மறுநாளே வீடு வீடாகப் போனாள். மான் வீட்டில் சொன்னாள், முயல் வீட்டில் சொன்னாள், மயில் வீட்டிலும் சொன்னாள். மேஸ்திரியின் சாமான்கள் மூலைக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. இப்படிப் பிரிந்து கிடக்கிற ஆயுதங்களுக்குத் தனித்தனியாகப் பொட்டு வைத்தால் வேலை எப்படி விளங்கும்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் கும்பிட்டால்தான் நல்லது. பொரியும் சுண்டலும் என் வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் சாமானோடு வந்தால் போதும். சுண்டல் என்றதும் முயல் சட்டியிலிருந்து இறங்கிவிட்டது.

பூஜை ஜோராக நடந்தது. கரண்டி, சட்டி, மண்வெட்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வெகுநாள் கழித்துத் தன் சாமான்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்த்த மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டு முடித்து, சுண்டலையும் தின்று முடித்து, மான் மெல்லக் கரண்டிக்குக் கையை நீட்டியது. அன்னக்காமு குறுக்கே வந்து நின்றாள்.

"பூசையில வச்ச ஆயுதத்தை அன்னைக்கே எடுக்கலாமா மதினி? நாளைக்கு விஜயதசமி கழியட்டும்" என்றாள். குரல் அன்பாகத்தான் இருந்தது. முதுகில் முள் மட்டும் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் விடிந்தபோது மேஸ்திரி வாசலில் இருந்தார். விஜயதசமி அன்று தொட்டால் வேலை தழைக்கும் என்று அவரே நம்புகிறவர். எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில். அன்னக்காமு சாந்து குழைத்தாள், சடையன் கல் சுமந்தார், குட்டிகள் தண்ணீர் ஊற்றின. பொழுது சாய்வதற்குள் சுவர் எழும்பி, தரை வாட்டம் பிடித்து, ஷெல்ஃப் உட்பட எல்லாம் முடிந்துவிட்டது. முடித்த வேலையைப் பார்த்து மேஸ்திரியே கொஞ்சம் பயந்துபோனார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

மழை வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. குட்டிகளின் மூலையில் ஒரு பொட்டு ஈரமில்லை. கடைக்குட்டி குறட்டை விட்டுத் தூங்குவதைக் கேட்டபடி அன்னக்காமு உட்கார்ந்திருந்தாள். இதைவிடச் சந்தோஷம் அவளுக்கு வேறு எதிலும் இருந்ததில்லை. மழை விட்ட நேரத்தில் காடே வந்து பார்த்துவிட்டுப் போனது. சடையன் எல்லாரிடமும் தன் மேற்பார்வையில் நடந்த வேலை என்று சொன்னார்.

காடே பார்த்தால் மந்திரி பார்க்காமல் இருப்பாரா? நரி வந்தார். சுவரைத் தடவினார், கூரையை நிமிர்ந்து பார்த்தார், வாசலின் அகலத்தைக் காலால் அளந்தார். ராஜாவின் குகை ஒழுகுகிறது என்பது ஊருக்கே தெரியும் என்றார். காட்டில் வேலை முடிந்த வீடு இது ஒன்றுதான் என்பதால் மழைக்காலம் முழுக்க ராஜா இங்கே தங்கப் பிரியப்படுகிறார், நாளைக்கு வந்து பார்ப்பார் என்றார். நாங்கள் எங்கே போவது என்று அன்னக்காமு கேட்டாள்.

"நீங்க எதுக்குப் போகணும்? குட்டிகளோட கூடவே இருங்க. ராஜாவுக்கு வேளாவேளைக்குப் பக்கத்துல ஆள் இருந்தா நல்லது" என்றார் நரி. அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, ஒரு சந்தோஷமும் இல்லை. பல காலம் உத்தியோகம் பார்த்த முகம் அது.

அவர் போன பிறகு அன்னக்காமு குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டாள், முள் குத்தாத பக்கமாக. சடையன் அப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். இந்த மழையில் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? நரி போகிற திசையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் அவர் வீட்டு மூங்கில் சாரம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. ராஜா ஏன் ஒருநாளும் மந்திரி வீட்டில் தங்கியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டாள். ஒரு சின்ன இடிப்பு வேலை என்றாள். இடிப்பு என்றதும் மேஸ்திரி நிஜமாகவே ஓடி வந்தார்.

சடையன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "இப்பத்தானடி வேலையை முடிச்சோம்" என்றார், அழாத குறையாக.

"அதாங்க நாம செஞ்ச தப்பு" என்றாள் அன்னக்காமு.

குட்டிகளின் மூலையையும் ஷெல்ஃபையும் மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மற்றபடி முன் சுவர் போயிற்று. அகலமான வாசலில், முள்ளம்பன்றி நுழைய மட்டும் ஒரு சந்து விட்டு, கல்லும் மண்ணும் குவிந்தன. மேலே மூங்கில் சாரம் கட்டினார்கள். மணலைக் கொட்டினார்கள். பார்க்கப் பார்க்க அன்னக்காமுவுக்கு மனசு லேசானது. மேஸ்திரி வழக்கம் போல ரசமட்டத்தை வாசலோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, தயங்கித் தயங்கி, இரண்டு நாளில் வந்துவிடுவதாகச் சொன்னார்.

"அவசரமே இல்லை மேஸ்திரி. உங்களுக்கு எப்ப வசதியோ அப்ப வாங்க" என்றாள்.

மேஸ்திரி அவளைக் கும்பிட்டார். இத்தனை வருஷத் தொழிலில் எந்த வீட்டிலும் அவர் கேட்காத வார்த்தை அது.

மறுநாள் ராஜா பரிவாரத்தோடு வந்தார். கும்பிட்ட கையோடு அன்னக்காமுவும், ராஜா வருகிறார் என்று ஓடி வந்த மேஸ்திரியும் மணல் குவியல் பக்கத்தில் நின்றார்கள். ராஜா குவியலைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய ரசமட்டத்தைப் பார்த்தார். ஒரு சின்ன நம்பிக்கையோடு, எப்போது முடியும் என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

"ரெண்டு நாள்ல முடிஞ்சிரும் ராஜா" என்றார் வீரணன்.

ராஜாவின் முகம் தொங்கிவிட்டது. தன் குகையில் அதே வார்த்தையை வீரணன் வாயால் எத்தனை மழைக்காலமாகக் கேட்டிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். திரும்பி, ஒழுகுகிற தன் குகையைப் பார்த்து நடந்தார். பரிவாரமும் பின்னாலேயே போனது.

நரி மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். சாரத்தின் பக்கம் வந்து ஒரு மூங்கிலை ஆட்டிப் பார்த்தார்.

"கட்டு கொஞ்சம் தளர்ச்சியா இருக்கும்மா. வருசத்துக்கு ஒருக்கா கயித்தை மட்டும் மாத்திக்கங்க. மணல் கரைஞ்சா புதுசா கொட்டிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ராஜாவை எட்டிப் பிடிக்க ஓடினார். உள்ளே கடைக்குட்டி காய்ந்த மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்னக்காமு ரசமட்டத்தைத் துடைத்து, ஆணியில் நேராக மாட்டினாள்.

நீதி: மேஸ்திரி வரவில்லையே என்று திட்டாதீர்கள், அவர் வராமல் இருந்து உங்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.