சந்தனப் பொட்டும் பார்க்கிங் வழக்கும்

சண்டைக்குப் புறப்படும்வரை என்னை மிஞ்சிய வீரன் கிடையாது. போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பி ஓட வழி தேடுவேன். இது என் மனைவி சுகந்திக்குக் கல்யாணத்தன்றே தெரிந்துவிட்டது. டென்மார்க்கின் கோல்டிங் நகர நீதிமன்றத்துக்குத் தெரியவரக் கொஞ்சக் காலம் எடுத்தது.

எல்லாம் கிரின்ஸ்டெட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் தொடங்கியது. டென்மார்க்கில் இலவசமாகக் காரை நிறுத்தினாலும், வந்த நேரத்தைக் காட்டியாக வேண்டும். அதற்கென்று கடிகார முகம் போட்ட ஒரு நீலத் தட்டு உண்டு, பே-ஸ்கீவ என்பார்கள். தானாக ஓடாது. காரை விட்டு இறங்கும்போது பின்பக்கத் திருகால் முள்ளை நாம்தான் திருப்பிவிட வேண்டும். மற்றவர்கள் அதைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். எங்களுடையது பசை விட்டுப்போய் டாஷ்போர்டில் சும்மா கிடந்தது.

அப்படிக் கிடந்ததால்தான் ஆயுத பூசையன்று அது சுவாமி அறைக்குள் போனது. மகள் அபிராவின் லாப்டொப், என்னுடைய ட்ரில், கார்த் திறப்பு, பக்கத்தில் பே-ஸ்கீவ.

"அதுவும் எங்களுக்காக உழைக்கிற சாமான்தானே" என்று சொல்லி, சுகந்தி அதன் நடுவில் முள் மறைய உழுந்துவடை அளவில் சந்தனம் அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். (அவள் பொட்டு வைத்தால் கவராயம் வைத்துக் கீறியது போல இருக்கும்.)

மறுநாள் கடைக்குப் போனேன். முள்ளைத் திருப்பினேன். பாலும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தால் கண்ணாடியில் அபராதத் தாள்!

கட்டமாட்டேன் என்று காரசாரமாக எழுதினேன். அந்தத் தனியார் பார்க்கிங் நிறுவனம், நான் வேண்டுமென்றே நேரத்தை மறைத்ததாகப் பதில் போட்டது. வேண்டுமென்றே! காசு கிடக்கட்டும். அப்போது எங்கள் கோயில் கணக்கு என் கையில் இருந்தது. நேரத்தை மறைக்கிறவன் உண்டியலை மறைக்கமாட்டானா என்று நாலு பேர் கேட்டால் நான் எந்த முகத்தோடு போய்த் தேங்காய் உடைப்பது?

"கட்டித் துலையுங்கோ அப்பா" என்றாள் அபிரா, டேனிஷில்.

"இது மானப் பிரச்சினை. நான் கோட்டுக்குப் போறன்!"

"போங்கோ. அங்கை போய் வேர்த்து வழியாமல் இருந்தால் சரி" என்றாள் சுகந்தி.

சிறு வழக்கு என்பதால் வக்கீல் வைக்கத் தேவையில்லை, நீங்களே பேசலாம் என்றார்கள் நீதிமன்றத்தில். (என்னைப் பேச விடுவதன் ஆபத்து அவர்களுக்குத் தெரியாது.) வழக்கன்று நீதிமன்றப் பக்கம் காரை நிறுத்தப் பயந்து பஸ்ஸில் போனோம். நான் கல்யாண சூட்டுக்குள் மூச்சை அடக்கியபடி இருந்தேன். சாட்சிக்கு வந்த சுகந்தி ஆறுதலாக வாழைப்பழம் சாப்பிட்டாள்.

கறுப்பு அங்கி, உயரமான ஆசனம், சுத்தியல் என்று என்னவெல்லாமோ கற்பனை பண்ணியிருந்தேன். உள்ளே ஒரு சாதாரண மேசை. கம்பளிச் சுவெட்டர் போட்ட ஓர் அம்மா. அவர்தான் நீதிபதி. பெயரைக் கேட்டார். நான் துள்ளி எழுந்து அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

பிறகு கையோடு கொண்டுபோயிருந்த பிஸ்கட் ரின்னைத் திறந்தேன். உள்ளே பஞ்சு சுற்றிய பே-ஸ்கீவ. டிவித் துப்பறிவாளர்கள் போல, அபராதம் விழுந்த நிமிடத்திலிருந்து ஒருவரையும் தொடவிடாமல் காத்து வைத்திருந்தேன்.

"இந்தப் பொட்டுக்குக் கீழே முள் சரியான நேரத்தில் நிற்கிறது. திருப்பியவன் நான்!" என்று முழங்கினேன். குரல் மட்டும் கொஞ்சம் கீச்சிட்டது.

நீதிபதி சுகந்தியிடம் திரும்பினார். "இதை எப்போது வைத்தீர்கள்?"

"முதல் நாள் பின்னேரம்."

"அடுத்த நாள் காலை ஈரமாக இருந்திருக்குமா?"

"சாய்! காய்ஞ்சால் சீமெந்து மாதிரி" என்றாள் சுகந்தி. முதல் சொல் தமிழில், மீதி டேனிஷில். முகம் நிறையப் பெருமை.

அபராதம் எழுதும்போது நிறுவனம் எடுத்திருந்த படத்தை நீதிபதி உற்றுப் பார்த்தார். பிறகு என் தட்டை எடுத்துத் திருகால் முள்ளைத் திருப்பினார். அசையவில்லை. அழுத்தித் திருப்பினார். டக்! பொட்டு இரண்டாகப் பிளந்து, குங்குமம் அவருடைய சுவெட்டரில் கொட்டியது.

"அன்று காலை நீங்கள் முள்ளைத் திருப்பியிருந்தால், படத்தில் இந்த வெடிப்பு எங்கே?"

நிறுவனத்தின் இளம் வக்கீலே அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருப்பினேனே! வெங்காயத்தை நினைத்தபடி... திருப்பினேனா?

சுகந்தி படத்தை எட்டிப் பார்த்து என் காதில் சொன்னாள்: "நீங்கள் திருப்பேல்லையப்பா. என்ரை பொட்டைப் பாருங்கோ, ஒரு கீறல் இல்லை!" (புருஷன் தோற்றாலென்ன, பொட்டு வென்றுவிட்டது.)

பணத்தைக் கட்டத்தான் வேண்டும் என்றார் நீதிபதி. அவர் சுவெட்டரைத் தட்டியபடி தொடர்ந்தார்: "ஆனால் ஏமாற்ற நினைத்தவர் தனக்கு எதிரான சாட்சியத்தைப் பஞ்சு சுற்றிக் கொண்டுவரமாட்டார். இவர் மறதிக்காரர், ஆனால் நேர்மையானவர்."

நேர்மையானவர்! டென்மார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது! நீதிபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வக்கீலைக் கட்டிப்பிடித்தேன். வென்றவர் திகைத்து நிற்க, தோற்றவன் துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'நேர்மையானவர்' என்றுதான் பட்டம். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, ஊரையே கூட்டி, கேக்கின் மேல் கிறீமில் டேனிஷில் அதையே எழுதுவித்திருந்தாள் அபிரா. எல்லோரும் பாடி முடித்துக் கைதட்டினார்கள். நான் குனிந்து கேக்கின் மெழுகுதிரிகளை ஊதினேன்.

"சரி, கத்தியைத் தாங்கோ" என்றாள் சுகந்தி.

அதை வீட்டிலிருந்து எடுத்துவருவது என் பொறுப்பாம். நேர்மையாகவே சொல்கிறேன், எடுத்தேன் என்றுதான் நினைத்தேன்.