கெர்னலில் நான் கழித்துக்கட்டியவை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு (பொறுமை இனிமேல்தான் தேவைப்படும்),

மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். லேப்டாப் மட்டும் சௌக்கியமில்லை. நேற்று போனில், "மாமா, மூச்சு விடாம சொன்னா எனக்கு ஒண்ணும் புரியல. நடந்ததை வரிசையா எழுதி அனுப்புங்க" என்றீர்கள். டைப் அடித்து அனுப்பலாமென்றால், அடித்ததை அனுப்ப அதில் வைஃபை இல்லை. அதனால் கையால் எழுதி, செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் என் மகளிடம் கொடுங்கள். பள்ளி நாட்களில் விடுப்புக் கடிதங்களை அவளே என் எழுத்தில் எழுதிக்கொண்டு போய்த் தேர்ந்தவள்.

போன முறை வந்திருந்தபோது நீங்கள்தான் சொன்னீர்கள்: இயங்குதளத்துக்கு நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, உலகத்தில் உள்ள எல்லாக் கருவிகளுக்குமான டிரைவர்களையும் அது கட்டிச் சுமக்கிறது, வேண்டாததை நீக்கிவிட்டு நாமே அதைக் கம்பைல் செய்து, அதாவது புதிதாகக் கட்டிக்கொண்டால் பழைய லேப்டாப்பும் பறக்கும் என்று. பேச்சுவாக்கில்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் தொழிற்சாலைக் கிடங்கில் காலமெல்லாம் பொறுப்பாளராக இருந்தவனிடம் வேண்டாத சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று சொல்லலாமா? எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கிடங்கில் எனக்கு ஒரே விதிதான். ஒரு பொருளை யாரும் கேட்டு வரவில்லையென்றால் கழித்துக்கட்டு. அதே விதியோடு உட்கார்ந்தேன். ஐயோ மாப்பிள்ளை, அந்தக் கெர்னல் பட்டியலைத் திறந்தால் அது கிடங்கா, குப்பைமேடா? நான் பார்த்தே இராத சாமான்கள். ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். உங்கள் மாமியார் சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள்.

"ஜாய்ஸ்டிக் இருக்கா நம்மகிட்ட?"

"இல்லீங்க."

"வீடியோ பிடிக்கிற கருவி?"

"அதெல்லாம் கல்யாண வீட்டுக்கு வர்றவங்க வச்சிருப்பாங்க. நம்மகிட்ட ஏது?"

"ஐ-டூ-சி-ன்னு ஏதோ போட்டிருக்கு."

"நமக்கு எதுக்குங்க அது? குக்கர் மூணு விசில் ஆச்சான்னு பாருங்க முதல்ல."

இல்லை என்றாள், கழித்தேன். "கம்பியில்லா இணைப்பு" என்ற இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் நம் வைஃபை பெட்டியிலிருந்து சுவர்வரை மூன்று கம்பிகள் தொங்குவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். அதையும் கழித்தேன். கம்பைல் ஆகி முடிந்ததும் லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பறந்தது, பொய் சொல்லக்கூடாது. கண் சிமிட்டுவதற்குள் திரை வந்துவிட்டது. ஆனால் திரை மட்டும்தான் வந்தது. விரலால் தேய்க்கும் பலகை செத்துக் கிடந்தது (அந்த ஐ-டூ-சி இதற்குத்தானாம்). வைஃபை என்ற அடையாளமே காணோம். பாட்டுப் போட்டால் ஊமை. கேமரா இருந்த இடத்தில் கறுப்புப் பொட்டு ஒன்றுதான் மிச்சம்.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை உங்கள் மாமியாருக்கு மாதிரி வகுப்பு. இணையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டவள், இத்தனை வருஷம் கழித்து அவளாக மனுப் போட்டு, அவளாகப் பரீட்சை எழுதி இதுவரை வந்திருக்கிறாள். அது என்னால் கெட்டது என்று ஆகிவிட்டால் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கடைத்தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட் பண்ணிரலாம் சார்" என்றார். பக்கத்தில் ஒருவர் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது என்று வந்தார். அவரிடமும் "ஃபார்மட் பண்ணிரலாம்" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கழித்தது நான், திரும்பச் சேர்க்க வேண்டியதும் நான்தான்.

பழைய மவுஸ் ஒன்றைத் தேடிச் செருகி, எந்தக் கருவி உள்ளே இருக்கிறது என்று லேப்டாப்பிடமே கட்டளை போட்டுக் கேட்டேன். வைஃபை அட்டையின் பேரை ஒழுங்காகச் சொன்னது. சரி, அதற்கான டிரைவரைச் சேர்ப்போம் என்று பட்டியலுக்குப் போனால் அந்தப் பேரே இல்லை! அரை நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. கம்பியில்லா இணைப்பு என்ற தலைமை அலுவலகத்தையே நான் இழுத்துப் பூட்டிவிட்டேன், கிளை அலுவலகம் எப்படிக் கண்ணில் படும்? அதைத் திறந்தேன், கிளை வந்தது, கம்பைல் செய்தேன், மாட்யூல்கள் என்ற துணைத் துண்டுகளை நிறுவ மறந்தேன், மறுபடி முதலிலிருந்து செய்தேன். இப்போது வைஃபை அட்டை தெரிகிறது, இணைய மாட்டேன் என்கிறது. சத்தம் வருகிறது, இடது காதுக்கு மட்டும். கேமராவில் விளக்கு எரிகிறது, முகம் வரவில்லை. விட மாட்டேன். இந்தக் கறுப்புப் பொட்டில் உங்கள் மாமியார் முகத்தைப் பார்க்காமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை.

நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கேமராவுக்கு இன்னும் எந்தக் கதவைத் திறக்க வேண்டும், வைஃபை எதற்காக முறுக்கிக்கொண்டு நிற்கிறது, வலது காது எங்கே போயிற்று? வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும். இது மாமனாரின் வேண்டுகோள் அல்ல, கட்டளை.

உங்களுக்கும் என் மகளுக்கும் எல்லா நலனும் கிடைக்கட்டும், உங்கள் வீட்டு இயந்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: படம் பிடிக்க உட்கார்ந்தபோது உங்கள் மாமியார் கடிதத்தை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாமல் ஓடுமே, அந்தத் திரையை ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். இரண்டு வரிகள் இருந்தன. "மேல இருக்கிற கெர்னல் உங்களோடது. கீழ இருக்கிறது பழசு, அது என்னோடது" என்று கீழ்வரியைத் தட்டினாள். வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதல் நாளிலிருந்தே இப்படித்தான் திறக்கிறாளாம். மாதிரி வகுப்பை முன்னதாகவே வைத்துவிட்டார்களாம். நேற்று நான் நடக்கப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்தாளாம், வேலையும் கிடைத்துவிட்டதாம்.

"ஏண்டி சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். திரையை மறைக்காதேன்னு விரட்டினீங்க. அப்புறம் எனக்கே மனசு வரல. ரிட்டயர் ஆனதுலேர்ந்து எப்பக் கூப்பிட்டாலும் 'சும்மாதான் இருக்கேன்'னு வந்து நிப்பீங்க. இப்பதான் சாப்பிடக் கூப்பிட்டா 'இரு, வேலையா இருக்கேன்'னு சொல்றீங்க. கேக்கவே நல்லா இருக்குங்க" என்றாள்.

எனவே மாப்பிள்ளை, மேலே கேட்ட எதற்கும் பதில் அனுப்ப வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.