முடிச்சுப் போட்டவர் பேசக் கூடாது

கடல் இத்தனை காலமாக மனித குலத்துக்கு ஆற்றிவந்த தொண்டு மீன், உப்பு, காற்று என்ற மூன்றோடு நின்றுபோயிருந்தது. இந்த வருந்தத்தக்க குறையைப் போக்கி, கடலுக்கு ஒரு கௌரவமான வேலையை வாங்கிக் கொடுத்த பெருமை ஓவியக் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தையே சேரும். 'கைகளுக்குத் திரும்புவோம்' என்ற தலைப்பில் சங்கம் நடத்திய கைவினை முகாமில் கடல் பின்னணியாக நியமிக்கப்பட்டது. அது தன் பணியைக் குறைவில்லாமல் செய்ததாக நிறைவு நாள் தீர்மானத்தில் நன்றியும் தெரிவித்தார்கள்.

முகாமின் நோக்கம் மிக உயர்ந்தது. கல்லூரியை விட்டு வந்தபின் முன்னாள் மாணவர்களின் கைகள் கெட்டுப்போயிருந்தன. ஒருவர் பற்பசைப் பெட்டிகளுக்கு நிறம் தீர்மானிக்கிறார். அவரை எல்லாரும் 'விளம்பரம்' என்று கூப்பிடுவார்கள். ஒருத்தி பணக்காரர் வீடுகளில் திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறாள், அவள் 'அலங்காரம்'. இப்படிச் சுட்டுவிரலை நீட்டியே பிழைத்துவந்தவர்களுக்குப் பாக்கி விரல்களையும் நினைவூட்டத்தான் முகாம்.

அந்த உன்னதக் கூட்டத்தில் டீச்சரும் போய்ச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஓவிய ஆசிரியை என்றால் ஓவியம் சொல்லிக்கொடுப்பார் என்று நீங்கள் நினைத்தால், பள்ளிக்கூடம் பக்கம் போய் வெகு நாளாகிவிட்டது என்று அர்த்தம். விளையாட்டு விழா பேனர், ஆண்டு விழா வளைவு, தலைமையாசிரியர் அறைக்குப் பெயர்ப்பலகை, பரிசு வாங்கும் பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அவள் கைவண்ணம். ஊரில் உள்ள எல்லாருடைய பெயரையும் அவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்த கை அது. அவள் பெயர் மட்டும் எதற்குக் கீழேயும் கிடையாது. கல்லூரிக் கடைசி ஆண்டில் ஒரு படத்தின் மூலையில் போட்டதோடு சரி.

அதனால்தான் அழைப்பிதழின் கடைசி வரி அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கடற்கரையில் புதிதாக ஓட்டல் கட்டும் முதலாளியம்மா ஒருவர் முகாமுக்கு வருவார். ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்து ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் வைப்பார். கீழே செய்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிப்பார்.

"பித்தளையா?" என்றார் அவள் கணவர். "தேய்க்காம விட்டா கறுத்துப் போகுமே, டீச்சர்." வீட்டிலும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நீங்க அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. வாரா வாரம் நானே போய்த் தேய்ச்சுட்டு வர்றேன்."

சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல.

முகாமை நடத்தியவர் 'ஆழம்'. கல்லூரியில் எல்லாருக்கும் சீனியர். யார் படத்தைக் காட்டினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ஆழம் போதாது" என்பார். பையன்கள் கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டு விசிட்டிங் கார்டில் அச்சடித்துவிட்டார். பெரியவர்கள் பெரியவர்கள்தான். இன்று நகரத்தில் எந்தக் கண்காட்சியில் எவர் படம் தொங்கலாம் என்று தீர்மானிக்கும் குழு எதுவானாலும் அதில் அவர் இருப்பார். அவர் தும்மினால்கூட முன்னாள் மாணவர்கள் அதில் ஓர் உள்ளர்த்தம் கண்டார்கள்.

முதல் நாள் அவர் இரண்டு விதிகளை அறிவித்தார். முதல் விதி: படைப்பில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. "கையெழுத்துங்கறது அகங்காரத்தோட வால்" என்றார். பின்வரிசையில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டாவது விதி, கல்லூரிக் காலத்து 'விமர்சன வட்டம்'. படைப்பை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி நின்று பேசுவார்கள். செய்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. யார் செய்தது என்று மற்றவர்களும் சொல்லக் கூடாது, வட்டம் கலையும்வரை. திட்டு வாங்கும்போது குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேட்கட்டும் என்று ஆசிரியர்கள் மாணவர்களுக்காக வைத்த சாதாரணப் பழக்கம் அது. ஆழம் அதைச் சும்மா விடுவாரா? தத்துவமாக்கிவிட்டார்.

"படைப்பாளி பேசுவதில்லை. பேசுகிறவன் படைப்பாளி இல்லை."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. டீச்சரும்தான் தட்டினாள், பாவம்.

மறுநாள் பழைய படகுக் கொட்டகையில் வேலை தொடங்கியது. விளம்பரம் களிமண்ணைக் கையில் எடுத்தார். ஜாடியாகத் தொடங்கியது, மதியத்துக்குள் சாம்பல் கிண்ணமாகப் படுத்துவிட்டது. மனம் தளராமல் அதற்குச் 'சரிவு' என்று பெயர் சூட்டினார். அலங்காரம் ஒரு நிலைக்கண்ணாடி முழுக்கச் சிப்பி ஒட்டினாள். கரையில் கிடந்த சிப்பிகளில் 'இயற்கைத்தன்மை' குறைவாக இருந்ததால் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரவழைத்தாள். ஆழம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, கொட்டகையின் 'அதிர்வை' மேற்பார்வை செய்தார். அவர் கையில் களிமண்ணோ பசையோ ஒட்டியதாகத் தகவல் இல்லை.

டீச்சர் கரையோரமாக நடந்து, மீனவர்கள் அறுத்துப்போட்ட நைலான் கயிறுகளையும் கிழிந்த வலைகளையும் பொறுக்கி வந்தாள். நல்ல தண்ணீரில் அலசி, உப்புப் போகக் காயவைத்து, பச்சை, ஆரஞ்சு, வெளுத்த நீலம் என்று பிரித்தாள். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கட்டையைக் கட்டி, அதிலிருந்து முடிச்சுப் போட்டு இறக்கிக்கொண்டே வந்தாள். ஓரங்களில் நெருக்கி, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக் கட்டினாள். போகப் போக அந்தத் தொங்கல் தானாகவே வயிற்றை முன்னே தள்ளி, கரையேற வரும் அலைபோல உப்பி நின்றது. விரலெல்லாம் கொப்புளம். அலங்காரம்தான் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் டீச்சர் காதில் விழவில்லை. பள்ளி மணிக்குப் பயப்படாமல், யார் பெயரையும் எழுதாமல் வேலை செய்து எத்தனை காலமாயிற்று! அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

ஒரு நாள் ஆழம் நாற்காலியை விட்டே எழுந்து வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு முடிச்சை அவிழ்த்தார்.

"இப்பதான் மூச்சு விடுது பாரு."

"அய்யோ அண்ணா, கீழ இருக்கற வரிசையெல்லாம் இறங்கிருமே."

"இறங்கட்டுமே, தங்கச்சி. இறங்கறதும் ஒரு பயணம்தான்."

அவர் முதுகைத் திருப்பியதும் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முடிச்சைத் திரும்பப் போட்டாள்.

நிறைவு நாளன்று முதலாளியம்மா வந்தார். கையில் அளக்கும் டேப். கலை விஷயத்தில் அவருக்குப் பயிற்சி போதாது என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. 'சரிவை'ப் பார்த்து, "இது சாம்பல் தட்டற கிண்ணமா? ஓட்டல் முழுக்க சிகரெட்டுக்குத் தடைன்னு போர்டு வெச்சிருக்கேனே" என்றார். விதிப்படி விளம்பரம் வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டார். சிப்பிக் கண்ணாடி முன்னால் நின்று, "இதுல முகமே தெரியலையே" என்றார்.

"அதுதான் இந்தப் படைப்பு கேக்கற கேள்வி, மேடம்" என்றார் ஆழம்.

"எனக்குக் கேள்வி வேணாம். வாஷ்பேசினுக்கு மேல கண்ணாடிதான் வேணும்."

பிறகு கயிற்று அலை. முதலாளியம்மா இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தார். கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார். கடல் காற்றில் அது மெல்ல உப்பித் தணிந்தது. டேப்பைக் கையில் வைத்திருப்பதையே மறந்துவிட்டார்.

"இதுதான். இதையே எடுத்துக்கறேன். யார் செஞ்சது?"

வட்டம் அமைதியானது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்லக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம்தானே. வட்டம் கலைந்ததும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்போதுதான் ஆழம் தலையைக் குனிந்தார். கண்களை மூடினார். வலது கையை மெல்ல நெஞ்சில் வைத்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஓ! நீங்களா?" என்றார் முதலாளியம்மா. "அதான் இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தவர் இதுக்கு மட்டும் கம்முனு இருக்கீங்க."

ஆழம் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. ஒரே ஒரு பொய்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை என்பதை வரலாறு தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணோரத்தில் ஒரு துளி நீர் மட்டும் வந்தது.

"அது நான் செஞ்சது!" என்று டீச்சர் கத்திவிட்டாள்.

வட்டம் அதிர்ந்தது. விமர்சன வட்டத்தின் வரலாற்றில் இப்படி ஓர் அநாகரிகம் நடந்ததே இல்லை.

ஆழம் கண்ணைத் திறந்து, கோபமே இல்லாமல் பார்த்தார். "தங்கச்சி, விதி உனக்குத் தெரியும். படைப்பாளி பேசுவதில்லை. நீ பேசிட்ட."

"அதனால?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். மிச்சத்தை விளம்பரம் எடுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். தர்க்கப்படி பார்த்தா, பேசினவங்க இதைச் செஞ்சிருக்க முடியாது."

"என்னய்யா தர்க்கம்? தினமும் உன் கண்ணு முன்னாடிதானே கட்டினேன்!"

"கண்ணால பாக்கறது எல்லாம் மேலோட்டம்" என்றார் விளம்பரம்.

"இவங்க யாரு?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"முகாம்ல ரொம்ப உற்சாகமா கலந்துக்கிட்டவங்க" என்றார் ஆழம் பெருந்தன்மையோடு. "ஒத்தாசையாகவும் இருந்தாங்க. அந்த முக்கியமான முடிச்சை நான் அவிழ்க்கும்போது பக்கத்துலயே நின்னாங்க."

டீச்சர் அலங்காரத்தின் பக்கம் திரும்பினாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள், ஒரே சோப்பில் குளித்தவள். "ஏய், நீ சொல்லுடி. என் விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டவ நீதானே?"

அலங்காரம் அவசரமாகக் கடலைப் பார்த்தாள். "வட்டம் நடக்குதுடி" என்று கிசுகிசுத்தாள். "முடியட்டும், பேசிக்கலாம்."

வட்டம் கைதட்டலோடு கலைந்தது. முதலாளியம்மா ஆழத்தின் முழுப்பெயரைத் தகட்டுக்காகக் கேட்டு எழுதிக்கொண்டார். போகிறபோது, "ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு மாடிக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். திறப்பு விழாவுக்குள்ள குடுத்திருங்க" என்றார். ஆழம் இதற்கும் பேசவில்லை. முன்பு தானாக வந்த மௌனம் இந்த முறை கொஞ்சம் சிரமப்பட்டு வந்தது.

டீச்சர் அலங்காரத்தின் கையைப் பிடித்தாள். "வட்டம் முடிஞ்சிருச்சு. இப்ப சொல்லு. கார் இன்னும் கிளம்பல."

"முடிஞ்சு போச்சேடி. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றவள், யாரும் கேட்காமலே, "அடுத்த மாசம் எனக்குக் கண்காட்சி இருக்கு. அண்ணன்தான் தேர்வுக் குழு" என்றாள்.

டீச்சருக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. அழுதாள். முன்னாள் மாணவர்கள் அவளுடைய உணர்ச்சிக்கு மதிப்பளித்து வேறு பக்கம் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாசலில் ஆழம், கையில் ஆவி பறக்கும் தேநீரோடு. அவர் தன் கையால் ஒன்றைச் சுமந்து வந்ததை முகாமில் எல்லாரும் அன்றுதான் பார்த்தார்கள்.

"தங்கச்சி, சூடா குடி. நேத்து நடந்ததையெல்லாம் மனசுல வெச்சுக்காத. கலையில நீ என்ன, நான் என்ன? மாடிக்கு ஒண்ணு கேட்டிருக்காங்க. நீ கட்டு, நான் பக்கத்துல இருக்கேன். கூட்டுப் படைப்புன்னு வெச்சுக்கலாம்."

"யார் பேர் போடுவாங்க?"

"மறுபடியும் பேரா? அகங்காரம், தங்கச்சி."

டீச்சர் தேநீரை வாங்கி நிதானமாகக் குடித்தாள். ஆவேசமெல்லாம் அடங்கிப்போயிருந்தது.

"அண்ணா, படைப்பாளி பேச மாட்டான்னீங்க. நான் பேசிட்டேன். அதனால அதை நான் செய்யலன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. செய்யாத ஒண்ணு எனக்கு எப்படிக் கட்டத் தெரியும்? நீங்கதானே செஞ்சீங்க? கட்டுங்க."

தம்ளரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். அதற்குப் பிறகு விளம்பரம் ஓடி வந்தார், சங்கத்தின் மானம் என்றார். அலங்காரம் பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்து, "நீதான் செஞ்சேன்னு எங்க எல்லாருக்கும் தெரியாதா என்ன?" என்றாள்.

"உங்க எல்லாருக்கும் தெரியும்டி" என்றாள் டீச்சர். "அதான் தாங்கல."

பேருந்தில் ஏறியதும் கணவர் போன் செய்தார். "என்ன டீச்சர், பேர் போடறாங்களா?"

"போடறாங்க. என் பேர் இல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அய்யோ, நீங்களாவது ஏதாவது பேசுங்களேன்!" என்றாள் டீச்சர். அவர் பேசினார். அந்த ஆழத்தின் அம்மா, அப்பா, தாத்தா என்று ஒருவரையும் விடாமல், அச்சில் ஏற்ற முடியாத விதமாக, ஊர் வரும்வரை பேசினார். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஓட்டலை இப்போது திறந்துவிட்டார்கள். கயிற்று அலை வரவேற்புக் கூடத்தில் காற்று வரும்போதெல்லாம் உப்பித் தணிகிறது. கீழே தகடு பளபளக்கிறது. மற்ற மாடிகளுக்கு எப்போது வரும் என்று முதலாளியம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். 'அலை தானாக வர வேண்டும், அழைத்து வருவதில்லை' என்று ஆழம் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். திறப்பு விழாவுக்கு முன்னாள் மாணவர்கள் எல்லாரும் வந்து, தகட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஓவியக் கல்லூரியில் எதையும் உருப்படியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று வெளியே சிலர் பேசிக்கொள்கிறார்கள். நம்பாதீர்கள். கூடப் படித்தவள் உழைப்பைக் கண்ணெதிரே ஒருவன் திருடும்போது, அத்தனை பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டு அழகாக வட்டமாக நிற்பதென்பது படிக்காதவர்களால் ஆகிற காரியமா? அதற்கு ஐந்து வருடப் பயிற்சி வேண்டும்.