சாவி யாரிடம் இருந்தது?

மலைக்கும் கடலுக்கும் நடுவே வெண்கழி என்றொரு நாடு இருந்தது. மன்னர் காலத்தில் அங்கே மந்திரியாக இருந்தவர் விடங்கநம்பி. யாரும் எதையும் பேசலாம் என்பதே அவர் கட்சியின் ஒரே கொள்கை. அதனால் கட்சிக்குள் ஓயாத சண்டை.

மன்னரைத் துரத்திவிட்டுப் பெருந்தளபதி வந்தார். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. ‘அரிசி இல்லை’ என்று சொல்வது குற்றம் எனச் சட்டம் போட்டார். பட்டினியால் செத்தவர்கள் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் என அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் குடும்பத்தின் பங்கீட்டு அரிசியும் நிறுத்தப்பட்டது.

விடங்கநம்பி சபையில் எழுந்தார். “தளபதியாரே, அரிசி இல்லை.”

அவ்வளவுதான். உப்பளச் சிறையில் அவருக்குத் தலை நரைத்தது, பல் விழுந்தது. மனைவி இறந்த செய்தியைச் சிறை அதிகாரி மல்லையன் பத்து நாள் கழித்துச் சொன்னார். “அழுவதானால் மேலிடத்து அனுமதி வேண்டும்.” விடங்கநம்பி அனுமதி கேட்கவில்லை. அழுதார்.

ஒருவழியாகத் தளபதி செத்தார். சிறைகள் திறந்தன, மக்களாட்சி வந்தது. எண்பது தாண்டிய விடங்கநம்பி தன் பழைய கட்சி அலுவலகத்துக்குப் போனார். மாலையோடு வரவேற்றவர் கட்சித் தலைவர் மல்லையன்!

“வாங்க ஐயா! நாங்க எல்லாருமே இப்போ உங்க கட்சிதான்.”

“நல்லது. தேர்தலில் நிற்கிறேன்.”

மல்லையன் கைகூப்பினார். “அரசியல் தூய்மைச் சட்டம் வந்திருக்கே, ஐயா. சிறை சென்றவர்கள் நிற்க முடியாது. நாங்கதான் போராடி வாங்கினோம்.”

விடங்கநம்பி நேரே சந்தைக்குப் போய், காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நின்று, “அரிசி இன்னும் வரவில்லை” என்று பேசத் தொடங்கினார். முதல் நாள் நாலு பேர் கேட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் சந்தை கொள்ளாத கூட்டம் சேர்ந்தது. புதுக் கட்சி பிறந்தது.

ஒரு நாள் கொல்லைப்புற வழியாக மல்லையன் வந்தார். “ஐயா, உங்க புதுக் கட்சியில எனக்கு ஓரிடம்...”

“சிறை கண்டவர்களைத்தான் சேர்க்கிறோம்.”

“நானும் இருபது வருஷம் உள்ளேதானே ஐயா இருந்தேன்!”

“சாவி உங்கள் இடுப்பில் இருந்ததே, மல்லையன்.”

மறுவாரமே சட்டம் திருத்தப்பட்டது. சிறையில் இருந்தவர்கள் மட்டுமே இனித் தேர்தலில் நிற்கலாம். சாவி யாரிடம் இருந்தது என்பது கணக்கில் கொள்ளப்படாது. ஊரெங்கும் சுவரொட்டி: ‘சிறை கண்ட செம்மல் மல்லையன்.’

அதைப் படித்துவிட்டு விடங்கநம்பி வாய்விட்டுச் சிரித்தார்.

“ஆக, இப்போது நானும் நிற்கலாம்” என்றபடி மனுத்தாக்கல் செய்யக் கிளம்பினார்.